இரு கரையில் வாழ்ந்தவரை எழுதுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பு, ரங்கூன், பினாங்கு, டர்பன் என்று கடல் தாண்டிப் போன பெரியவர்களின் வாழ்க்கையை எழுத நினைப்பவர்களோடு சில வருஷங்களாக நானும் உட்கார்ந்து வருகிறேன். பெரும்பாலும் பேரன் பேத்திகள்; இடையிடையே ஊர் வரலாறு எழுதும் ஆசிரியர்கள். திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை, கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். என் அம்மாவைப் பெற்ற தாத்தா ரங்கூனில் கடை வைத்திருந்தவர். அவர் கதையை எழுதப்போய் நான் செய்த பிழைகளும் பதில்களில் வரும்.

தாத்தா முப்பது வருஷம் மலாயாவில் இருந்துவிட்டு ஊருக்கு வந்தார். அதை ஒரு அத்தியாயமாகப் போட்டால் போதாதா?

போதாது. முப்பது வருஷம் என்பது ஒரு மனிதரின் பாதி ஆயுள். நம் வீடுகளில் அந்தக் காலம் ‘போனார், சம்பாதித்தார், வந்தார்’ என்று மூன்று சொல்லில் முடிந்துவிடுகிறது. அங்கே யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டார், எந்த மொழியில் பேரம் பேசினார், எந்தச் சங்கத்துக்குச் சந்தா கட்டினார், காய்ச்சலில் படுத்தபோது யார் கஞ்சி வைத்துக் கொடுத்தார்கள்? இதெல்லாம் தெரியாமல் அவரை எழுத முடியாது. அக்கரையிலும் அவர் முழு மனிதராகத்தான் வாழ்ந்தார்.

கோ. சாரங்கபாணியைப் பாருங்கள். 1903-ல் திருவாரூரில் பிறந்தவர். 1924-ல் சிங்கப்பூர் போனார். 1935-ல் ‘தமிழ் முரசு’ பத்திரிகையைத் தொடங்கினார். அவர் மணந்தது பெரனாக்கன் சீனப் பெண்ணை, அதாவது தலைமுறைகளாக அங்கேயே வேரூன்றிய சீனக் குடும்பத்துப் பெண்ணை. அங்குள்ள தமிழர்கள் குடியுரிமைக்குப் பதிந்துகொள்ள வேண்டும் என்று 1950-களில் ஓயாமல் வற்புறுத்தினார். திருவாரூரை மட்டும் பிடித்துக்கொண்டு அவரை எழுதினால், இருபத்தொரு வயது வரைக்கும்தான் எழுத முடியும்.

அப்போது எல்லாமே வெள்ளைக்காரன் ஆட்சிதானே? அதை நாட்டு எல்லை தாண்டியதாகச் சொல்லலாமா?

ஆட்சி ஒன்றாக இருந்தாலும் எல்லை ஒன்றாக இல்லை. பர்மா 1937 மார்ச் வரை பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். ஏப்ரல் 1 முதல் தனிக் காலனி. ஆகவே 1930-ல் ரங்கூன் போனவர் வெளிநாடு போகவில்லை, 1940-ல் போனவர் போனார். இலங்கை அதற்கு வெகு காலம் முன்பிருந்தே தனிக் காலனி. தோட்டத்துக்குப் போகிறவர்களை மண்டபம் முகாமில் நிறுத்தி, நோய் இருக்கிறதா என்று பார்த்துத்தான் கப்பலேற்றினார்கள்.

சில எல்லைகள் இன்றைய வரைபடத்தில் தெரியாது. தில்லையாடி வள்ளியம்மை 1898-ல் ஜொகனஸ்பர்க்கில் பிறந்த பெண். தில்லையாடி அவருடைய பெற்றோரின் ஊர். 1913-ல் அவர் சிறைக்குப் போனது எதற்காக? அனுமதிச்சீட்டு இல்லாமல் டிரான்ஸ்வாலுக்கும் நேட்டாலுக்கும் நடுவிலிருந்த எல்லையைத் தாண்டியதற்காக. இன்றைக்கு இரண்டும் தென்னாப்பிரிக்கா. அந்த எல்லையைச் சொல்லாமல் விட்டால், சிறையிலிருந்து காய்ச்சலோடு வந்து 1914 பிப்ரவரி 22-ல், பதினாறு வயதில் இறந்துபோன அந்தப் பெண் என்ன குற்றம் செய்தார் என்றே படிப்பவருக்குப் புரியாது.

ஊர்ப் பெயரை அன்றைக்கு இருந்தபடி எழுதுவதா, இன்றைக்கு இருப்பதுபோலவா?

அன்றைக்கு இருந்தபடி. முதல் தடவை வரும்போது மட்டும் இன்றைய பெயரைப் பக்கத்தில் ஒருமுறை சொல்லிவிடுங்கள். ‘1938-ல் மலேசியா போனார்’ என்று எழுதுவதை வாரம் ஒருமுறையாவது பார்க்கிறேன். மலேசியா பிறந்தது 1963 செப்டம்பர் 16-ல். 1972 மே 22 வரை இலங்கையின் அதிகாரபூர்வப் பெயர் சிலோன். பாண்டிச்சேரி 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. இவை சின்ன விஷயம்போலத் தோன்றும். ஆனால் பெயரை மாற்றினால், அவர் எந்தச் சட்டத்துக்குக் கீழே நின்றார் என்பதும் கூடவே மாறிவிடுகிறது.

அவரை எந்த நாட்டுக்காரர் என்று முதல் வரியில் சொல்வது?

முதல் வரியில் சொல்லியே ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. வானியற்பியல் அறிஞர் எஸ். சந்திரசேகர் 1910-ல் லாகூரில் பிறந்தார், சென்னையில் படித்தார், கேம்பிரிட்ஜ் போய், 1937-ல் சிகாகோவில் சேர்ந்தார், 1953-ல் அமெரிக்கக் குடிமகனானார், 1983-ல் நோபல் பரிசு பெற்றார். எந்த வருஷத்தில் நின்று கேட்கிறீர்களோ அதற்கேற்றபடி பதில் மாறும். குடியுரிமையை ஒரு பட்டமாக நெற்றியில் ஒட்டாமல், நடந்த ஒரு நிகழ்ச்சியாகத் தேதியோடு எழுதுங்கள்.

தமிழறிஞரான பாதிரியார் தனிநாயகம் அடிகள் விஷயத்தில் இது இன்னும் சிக்கல். யாழ்ப்பாணத் தீவுப் பகுதியில் கரம்பொன்னில் 1913-ல் பிறந்து, ரோமில் படித்து, தூத்துக்குடியில் பணி செய்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்று, பேராதனையில் கற்பித்து, கோலாலம்பூரில் பேராசிரியராக இருந்து 1966-ல் முதல் உலகத் தமிழ் மாநாட்டை நடத்தியவர். ஒவ்வொரு ஊர்க்காரரும் அவரைத் தங்களவர் என்கிறார்கள். எல்லாரும் சொல்வது உண்மைதான். ஆனால் ஒரு ஊரின் பெருமைக்காக எழுதினால் மற்ற ஊர்கள் வெறும் ரயில் நிலையங்களாகிவிடும். லிஸ்பனில் 1554-ல் அச்சான தமிழ் நூலை அவர் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தாரே, அது இத்தனை ஊரும் சுற்றிய ஒருவரால்தான் முடிந்த காரியம்.

ஒவ்வொரு காகிதத்திலும் பெயரை ஒவ்வொரு மாதிரி எழுதியிருக்கிறார்கள். எது சரியான பெயர்?

எல்லாமே சரி. பெயரைக் கேட்டு எழுதிய குமாஸ்தா எந்த நாட்டுக்காரர் என்பதைப் பொறுத்து எழுத்து மாறும். டர்பனில் முதலியார் ‘மூட்லி’ ஆனார், கவுண்டர் ‘கவெண்டர்’ ஆனார், அதுவே குடும்பப் பெயராகவும் நின்றுவிட்டது. மொரீஷியஸில், முதலில் போன தாத்தாவின் சொந்தப் பெயரே பின்னால் வந்த எல்லாருக்கும் குடும்பப் பெயரானது உண்டு. மலேசிய அடையாள அட்டையில் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே மகன் என்றால் ‘ஏ/எல்’, மகள் என்றால் ‘ஏ/பி’ என்று இருக்கும். அதை இனிஷியல் என்று நினைத்து ‘ஏ.எல். முனியாண்டி’ என்று எழுதிவிட்ட கட்டுரையைப் பார்த்திருக்கிறேன். நகரத்தார் பெயருக்கு முன்னால் வரும் எழுத்து வரிசையும் அப்படித்தான். அது பல சமயம் கடையின் விலாசம், அதாவது தொழில் நடத்திய பெயர். பெட்டியடிப் பையனிலிருந்து மேலாள் வரைக்கும் அந்த விலாசத்தில்தான் வேலை செய்தார்கள்.

நான் செய்வது இதுதான். கதை முழுக்க வீட்டில் கூப்பிட்ட பெயரையே வைத்துக்கொள்கிறேன். மற்ற எல்லா வடிவங்களையும், எந்தக் காகிதத்தில் எந்த வருஷம் எப்படி இருந்தது என்று ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். ஆவணத்தைப் படி எடுக்கும்போது மட்டும் எழுத்துப்பிழையைத் திருத்தவே கூடாது. நாளைக்கு வேறொரு பேத்தி அந்தப் பிழையை வைத்துத்தான் தேடுவாள்.

பிறந்த தேதி தெரியவில்லை. ‘பிரபவ வருஷம் தை மாசம்’ என்று மட்டும் ஒரு சீட்டில் இருக்கிறது.

அது நல்ல தடயம். அறுபது வருஷச் சுற்றில் பிரபவ 1867, 1927, 1987-களில் வரும். எந்தச் சுற்று என்று வயதை வைத்து எளிதாகச் சொல்லிவிடலாம். ஒரு இடத்தில் மட்டும் தவறுவார்கள். தமிழ் வருஷம் சித்திரையில் தொடங்குவதால், 1927 பிரபவத்தின் தை மாதம் 1928 ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடு வரைக்கும்தான் வரும்.

மலாயா, சிங்கப்பூர்க் காகிதங்களில் 2602, 2603 என்று பார்த்தால் பயப்பட வேண்டாம். அது ஜப்பானியர் ஆண்டுக் கணக்கு. 660-ஐக் கழித்தால் 1942, 1943 கிடைக்கும். ‘ஷோனான்’ என்று ஊர் போட்டிருந்தால் அது சிங்கப்பூர். அந்த மூன்றரை வருஷம் கடிகாரத்தைக்கூட டோக்கியோ நேரத்துக்கு மாற்றி வைத்திருந்தார்கள்.

ஆவணங்களை எங்கே போய்த் தேடுவது?

முதலில் வீட்டு டிரங்குப் பெட்டியில். கடவுச்சீட்டும் கடிதமும் இல்லையென்றாலும் மனம் தளர வேண்டாம். கல்யாண மொய் நோட்டை எடுங்கள். பெயருக்கு எதிரே ‘பினாங்கு’, ‘ஈப்போ’, ‘கண்டி’ என்று ஊர் எழுதியிருப்பார்கள். போட்டோவின் பின்பக்கம் ஸ்டூடியோ முத்திரை இருக்கும். ஊர்க் கோயில் சுவரில் உபயக் கல் இருக்கும். என் தாத்தாவின் ரங்கூன் கூட்டாளிகள் நாலு பேரின் பெயரை எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயில் மண்டபத்துக் கல்லில்தான் கண்டுபிடித்தேன். சின்ன வயதில் அந்தக் கல்லில் சாய்ந்துகொண்டு விளையாடியிருக்கிறேன்.

அப்புறம் காப்பகங்கள். சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம், தரமணியில் ரோஜா முத்தையா நூலகம், டெல்லியில் தேசிய ஆவணக் காப்பகம். சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய செய்தித்தாள்களை இணையத்தில் வைத்திருக்கிறது. அங்குள்ள ஆவணக் காப்பகம் 1979 முதல் வாய்மொழி வரலாறுகளைப் பதிவு செய்துவருகிறது. இலங்கைக்கு நூலகம் என்ற இணையத் திட்டத்திலிருந்து தொடங்குங்கள். மொரீஷியஸ் போனவர்களுக்கு மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனம். பிரெஞ்சுத் தீவுகளுக்குப் போனவர்கள் என்றால் பிரான்சில் எக்ஸ் நகரிலிருக்கும் கடல்கடந்த நாடுகளின் காப்பகம். ஒரு கரையில் மட்டும் தேடிவிட்டு ‘எதுவும் கிடைக்கவில்லை’ என்று எழுதிவிடாதீர்கள்.

கப்பல் பட்டியல் முழுக்கத் தேடிவிட்டேன், பெயரே இல்லை. அப்படியென்றால் அவர் போகவே இல்லையா?

எந்த முறையில் போனார் என்று முதலில் பாருங்கள். நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலியாகப் போனவர்களுக்குப் பட்டியல் உண்டு. சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் 1860 நவம்பர் 16-ல் டர்பன் சேர்ந்தது முதல் 1911 வரை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, கிராமம் என்று பதிந்து வைத்தார்கள்.

இலங்கைக்கும் மலாயாவுக்கும் பெரும்பாலோர் போனது கங்காணியோடு. கங்காணி தன் ஊரிலும் பக்கத்து ஊரிலும் முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்தார். அங்கே பெயர் தனித்தனியாகக் கப்பல் பதிவில் நிற்காது. தோட்டத்துச் செக்ரோல் என்ற ஆள் பதிவேட்டில், கடன் கணக்கில் நிற்கும். இலங்கைத் தோட்டங்களில் கடனை எழுதிக் கொடுத்த சீட்டுக்குத் ‘துண்டு’ என்று பெயர். ஆளோடு சேர்த்துக் கடனும் தோட்டம் விட்டுத் தோட்டம் மாறியது. ஆகவே பெயர் கிடைக்கவில்லை என்பதே, அவர் எப்படிக் கொண்டுபோகப்பட்டார் என்பதற்கு ஒரு சாட்சி. அதையும் எழுதுங்கள்.

வீட்டில் சொல்லும் கதையும் காகிதமும் ஒத்துப்போகவில்லை. எதை எழுதுவது?

இரண்டையும். எது எங்கிருந்து வந்தது என்று பிரித்துச் சொல்லி எழுதுங்கள். செண்பகராமன் பிள்ளை எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பலில் வந்து 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைமேல் குண்டு போட்டார் என்று தமிழ்நாட்டில் பெரும்பாலோர் நம்புகிறார்கள். குண்டு விழுந்தது உண்மை. அவர் அந்தக் கப்பலில் இருந்தார் என்பதற்கு ஆவணச் சான்று இல்லை. அந்த நாட்களில் அவர் சூரிச்சில் இந்திய விடுதலைக்கான குழுவை நடத்திக்கொண்டிருந்தார். ஆனால் அந்தக் கதை ஏன் பிறந்தது என்பதும் அவர் வரலாற்றில் சேர்ந்ததுதான். தூர தேசத்தில் நம் ஆள் ஒருவர் நமக்காக இருக்கிறார் என்ற ஆசை அதில் இருக்கிறது.

என் தாத்தா 1942-ல் பர்மாவிலிருந்து நடந்தே வந்தார் என்பது எங்கள் வீட்டு வேதவாக்கு. நானும் அப்படியே எழுதிவிட்டேன். பிறகு கல்கத்தா தபால் முத்திரையோடு அவர் எழுதிய கடிதம் ஒன்று கிடைத்தது. ரங்கூன் ஜப்பானியரிடம் விழுந்தது மார்ச் 8-ல், கடிதம் பிப்ரவரியில். அவர் கப்பலில் வந்திருக்கிறார். நடந்து வந்தவர் அவர் கடையில் வேலை பார்த்த பையன். வழியில் அண்ணனைப் பறிகொடுத்தவன். அந்த நடையைத் தாத்தா தன் நடையாகவே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். முதலில் கோபம் வந்தது. அந்தப் பையனைப் பற்றி வேறு யாருமே எங்கேயும் பேசவில்லை என்று உணர்ந்தபோது கோபம் போய்விட்டது. அவனுக்காக ஒரு அத்தியாயம் எழுதினேன்.

சரி, அரசாங்க ஆவணம் என்றால் அப்படியே நம்பலாம்தானே?

தேதிக்கு நம்பலாம், மனிதரைப் பற்றிச் சொல்வதற்கு யோசிக்க வேண்டும். பாரதியார் 1908 முதல் 1918 வரை பிரெஞ்சுப் பாண்டிச்சேரியில் இருந்தார். பிரிட்டிஷ் போலீஸ் ஒற்றர்கள் அங்கேயும் பின்தொடர்ந்தார்கள். ஆபத்தான ஆள் என்று காட்டினால்தான் ஒற்றருக்குச் சம்பளம் ஓடும். 1918 நவம்பரில் அவர் எல்லையைத் தாண்டியதும் கடலூர் அருகே கைது செய்தார்கள் என்பது தேதி. அதுவரை அவர் என்ன நினைத்துக்கொண்டிருந்தார் என்பதை ஒற்றர் எப்படி அறிவார்?

தோட்டத்துக் கணக்கில் ‘ஓடிப்போனவன்’ என்று ஒரு வரி இருந்தால், எதிலிருந்து ஓடினான் என்று கேளுங்கள். போர்க் காலத்தில் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில்பாதைக்கு மலாயாவிலிருந்து கொண்டுபோன தமிழர்களில் பலருக்கு இறந்த தேதிகூட எழுதப்படவில்லை. அங்கே காகிதத்தைவிடத் திரும்பி வந்தவரின் வாய்ச்சொல்தான் பெரிய ஆதாரம்.

எனக்கு மலாயும் பர்மிய மொழியும் தெரியாது. நான் எழுதலாமா?

எழுதலாம். ஆனால் தெரிந்த ஒருவரை முதலிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள், கடைசியில் மொழிபெயர்த்துத் தர மட்டும் கூப்பிடாதீர்கள். ஒரு காகிதத்தில் எது முக்கியம் என்பதே மொழி தெரிந்தவருக்குத்தான் கண்ணில் படும். அவர் பெயரையும் புத்தகத்தில் போடுங்கள்.

எங்கள் அப்பா சிலோன் தோட்டத்திலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவர். ‘தாயகம் திரும்பினார்’ என்றுதானே எழுத வேண்டும்?

அந்தச் சொல் அரசாங்கக் காகிதத்தில் இருக்கிறது. உங்கள் அப்பா வாயில் இருந்ததா என்று பாருங்கள். 1948-ல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம், 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது. அவர்களில் பலர் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் பிறந்தவர்கள். ராமேஸ்வரத்தில் கால் வைத்த நாளில்தான் வாழ்க்கையில் முதல்முறையாக இந்தியாவைப் பார்த்தார்கள். பார்த்திராத ஊருக்கு எப்படித் திரும்ப முடியும்?

இலங்கையில் ‘இந்தியாக்காரர்’, நீலகிரியில் கூடலூரிலும் கோத்தகிரியிலும் ‘சிலோன்காரர்’. இந்த இரண்டு பெயரையும் ஒரே மனிதர் சுமந்தார். நான் ‘அனுப்பப்பட்டார்’ என்றோ ‘வந்து சேர்ந்தார்’ என்றோதான் எழுதுகிறேன். அவரே விரும்பி விண்ணப்பித்திருந்தால் அதைச் சொல்லிவிட வேண்டும். அப்படியும் சிலர் உண்டு.

பாட்டி எங்கேயும் போகவில்லை, ஊரிலேயே இருந்தார். அவரைப் பற்றி என்ன எழுத?

போனவரின் வாழ்க்கையில் பாதியை ஊரிலிருந்து நடத்தியவர் அவர்தானே. மணியார்டரைக் கையெழுத்துப் போட்டு வாங்கியவர், நிலம் வாங்கியவர், கடிதத்தை அடுத்த வீட்டுப் பிள்ளையை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டவர், மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வரும் ஒருவரைக் குழந்தைகளுக்கு ‘அப்பா’ என்று காட்டியவர். தாத்தா ரங்கூனில் என்ன லாபம் பார்த்தார் என்பதைவிட, அந்தப் பணம் வராத 1942 முதல் 1945 வரை பாட்டி எப்படிச் சமாளித்தார் என்பதை எழுதத்தான் எனக்கு அதிகப் பக்கம் தேவைப்பட்டது.

தாத்தாவுக்கு அங்கே இன்னொரு குடும்பம் இருந்ததாம். எழுதலாமா, மறைத்துவிடலாமா?

இந்தக் கேள்வியை எல்லாரும் கூட்டம் முடிந்து, தனியாக வந்து கேட்கிறார்கள். ரகசியம் என்று நாம் நினைப்பது அந்தக் குடும்பத்துக்கு ரகசியம் இல்லை. அவர்களுக்கு அதுதான் வீடு. நம் குடும்ப மானத்துக்காக ஒரு பெண்ணையும் அவள் பிள்ளைகளையும் பதிவிலிருந்து நீக்க நமக்கு உரிமை இல்லை என்பது என் கருத்து. அதே சமயம், அவர்களைக் கேட்காமல் பெயர், ஊர், படம் எல்லாவற்றையும் அச்சில் போடவும் உரிமை இல்லை. தேடுங்கள், கிடைத்தால் முதலில் அவர்கள் பக்கத்தைக் கேளுங்கள். கிடைக்காவிட்டால், இருந்தார்கள் என்பதை மட்டும் மரியாதையோடு எழுதுங்கள். ‘வைப்பு’, ‘தொடுப்பு’ மாதிரியான சொற்கள் வேண்டவே வேண்டாம்.

உயிரோடு இருக்கும் ஒருவர், 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து அகதியாகப் போனவர். அவர் கதைக்கும் இதே விதிகள்தானா?

இல்லை. மேலே பெயர்களைப் பற்றிச் சொன்னதை இங்கே தலைகீழாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லா வடிவங்களையும் ஒரே இடத்தில் தொகுப்பது தாத்தாவுக்கு நல்லது, இவருக்கு ஆபத்து. அடைக்கலம் கேட்டபோது அவர் கொடுத்த வாக்குமூலம், போன வழி, உதவியவர்கள், ஊரில் மிச்சமிருக்கும் உறவுகள் இதில் எதையும் அவர் தெளிவாகச் சம்மதிக்காமல் எழுதாதீர்கள். சம்மதித்த பிறகும் எழுதியதைப் படித்துக் காட்டுங்கள். ஒரு வரியை எடுத்துவிடச் சொன்னால் காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள்.

எங்கே முடிப்பது? இறந்த நாளோடு முடிந்துவிடுமா?

பெரும்பாலும் முடியாது. செண்பகராமன் பிள்ளை 1934-ல் பெர்லினில் இறந்தார். அவருடைய சாம்பலை மனைவி லட்சுமிபாய் முப்பத்திரண்டு வருஷம் காப்பாற்றி வைத்திருந்தார். 1966-ல்தான் அது இந்தியக் கடற்படைக் கப்பலில் கரை சேர்ந்தது. அந்த முப்பத்திரண்டு வருஷத்தையும் எழுதியாக வேண்டும்.

என் தாத்தா ரங்கூனில் தனக்கு வரவேண்டிய பாக்கியை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். பெயர், தெரு, தொகை. அவர் இறந்த பிறகு, எழுதப் படிக்கத் தெரியாது என்று நாங்கள் எல்லாரும் நினைத்திருந்த பாட்டி, கோணல் எழுத்தில் கடைசிப் பக்கத்தில் ‘வசூல் இல்லை’ என்று எழுதியிருந்தார். புத்தகத்தை அந்தப் பக்கத்தின் படத்தோடு நிறுத்தினேன்.